பௌர்ணமி கிரிவலக் குழு: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாமாதம் கடலூரிலிருந்து வேன் எடுத்துத் திருவண்ணாமலை போய், 14 கிலோமீட்டர் நடந்து திரும்புவதுதான் நம் குழுவின் வேலை. இந்த ஆண்டும் போனோம், கார்த்திகை மட்டும் தவறிவிட்டது. பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் மாலை அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி, அடிவாரத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்க, தென்பெண்ணை நம் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. டிசம்பர் 13 மகாதீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. தீபக் கொப்பரையும் நெய்யும் சுமந்தவர்கள்தான் ஏறினார்கள்.

வேனுக்கு வைத்திருந்த பணத்தில் ஆற்றோர வீடுகளுக்கு அரிசியும் பாயும் வாங்கிக் கொடுத்தோம். “தீபத்துக்கே போகாத கிரிவலக் குழு எதற்கு?” என்று சிலர் கோபப்பட்டார்கள். எல்லாரையும் கேட்காமல் செய்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். செலவு செய்ததற்காக வருத்தப்படவில்லை. வேன்காரர் முன்பணத்தில் பாதியை இன்னும் தரவில்லை.

அப்புறம் தை மாதம் போனோம். கிரிவலப் பாதையில் அக்னி லிங்கம் தாண்டியதும் பெரியவர் ஒருவர் வழக்கம்போல் கதை தொடங்கினார். நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியை அன்னமாகப் பறந்த பிரம்மா காணாமல் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்லவைத்தது, பன்றியாகத் தோண்டிய திருமால் அடி காணாதது, அந்த நெருப்புத் தூணே குளிர்ந்து மலையானது. கிருத யுகத்தில் நெருப்பு, திரேதாவில் மாணிக்கம், துவாபரத்தில் பொன், இப்போது கல் என்று முடித்தார். கூட வந்த சிறுவன், “கல்லுன்னா அன்னைக்கு ஏன் தாத்தா சரிஞ்சுது?” என்றான். அடுத்த லிங்கமான எமலிங்கம் வரும்வரை யாரும் பேசவில்லை.

மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை. குறுகிய இடுக்கில் ஊர்ந்து வெளியே வரவேண்டிய இடுக்குப் பிள்ளையாரில் நம் பொருளாளர் சிக்கிக்கொண்டதை அவரே சொல்வார். மூன்று மணி நேரத்தில் சுற்றிவிட்டேன் என்று வாட்ஸாப்பில் போடுபவர்கள், பின்னால் வரும் வயதானவர்களுக்காகக் கொஞ்சம் நின்று வாருங்கள். செருப்பை வேனிலேயே விடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மலையைச் சுற்றுவதாக நம்பப்படும் சித்தர்களுக்கு வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கமாக நடப்பதுதான் வழக்கம். செல்ஃபி எடுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வரும் கார்த்திகைக்குத் தனியாக நிதி சேர்க்கவும், வெள்ளம் வந்தால் அந்த நிதியைத் தொட யார் யாரிடம் கேட்க வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யவும் வேண்டுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்