காலியா இருந்த சீட்டு: பாப் பூடியான்ஸ்கிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப் பூடியான்ஸ்கி சாருக்கு,

வணக்கம். நீங்க தமிழ் படிக்க மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைங்களுக்கு பேரும் குணமும் எழுதிக் கொடுத்தவர் நீங்கங்கறதால இதை உங்களுக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு. போன வாரம் நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ், எல்லாருமே நாப்பத்தஞ்சு தாண்டினவங்க, வண்டியா, ஜெட்டா மாறுற அந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோக்களைப் பத்தி பேச ஆரம்பிச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை போட்டோம். அவங்க கிரகமான சைபர்ட்ரான்ல உயிர் எப்படி வந்துச்சு, ப்ரைமஸ்ங்கற கடவுள் கதை சரியா, குவின்டசன்ஸ்ங்கற வேற்றுலகவாசிங்க கதை சரியா, எது ஒரிஜினல் கேனன், அதாவது அதிகாரபூர்வமான கதை, எது அதுல சேராது, இப்படியே போய்க்கிட்டிருந்தப்ப ஒருத்தன் சொன்னான், "டேய், இது பொம்மை விக்க எழுதின கதைடா, இதுல லோர், பின்கதைன்னு என்ன வேண்டிக்கிடக்கு?"ன்னு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா அப்ப பதில் வரல. வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு, வந்ததெல்லாம் உங்க பேர்லயே போய் முடிஞ்சுது.

அவன் சொன்னது பொய் இல்ல சார், முதல்ல அதை ஒத்துக்கறேன். அமெரிக்க பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ, ஜப்பான்ல டகாரா கம்பெனிகிட்ட இருந்து ரெடியா இருந்த பொம்மைங்களை வாங்கிட்டு வந்தாங்க. டயாக்லோன்னு ஒரு வரிசை, மைக்ரோ சேஞ்சுன்னு ஒரு வரிசை. டயாக்லோன்ல அந்த ரோபோக்களுக்கு உயிரே கிடையாது, அது ஒரு வண்டி அவ்வளவுதான், உள்ள ஒரு குட்டி மனுஷன் உக்காந்து ஓட்டுவான். அதனாலதான் 1984ல நம்ம கைக்கு வந்த ஜெட்டுல காக்பிட்டைத் திறந்தா உள்ள ஒரு சீட்டு இருக்கும். ஐயன்ஹைடு, ராட்செட் பொம்மைங்களை ரோபோவா மாத்தினா தலையே இருக்காது, கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு சீட்டும், முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஸ்டிக்கரும்தான். டிவியில பார்த்த ஐயன்ஹைடுக்கும் கையில இருந்த ஐயன்ஹைடுக்கும் சம்பந்தமே இல்லாம இருந்ததுக்கு காரணம் இதுதான்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஓட்டுறவனை எடுத்துட்டாங்க, அவன் உக்காந்த சீட்டை எடுக்கல. சின்ன வயசுல அந்த ஜெட்டோட காக்பிட்டைத் திறந்து திறந்து பார்ப்பேன், இதுல யார் உக்காருவாங்கன்னு.

அந்த காலி சீட்டுல யாரை உக்கார வைக்கறதுன்னு முடிவு பண்ண வேண்டிய வேலைதான் மார்வெல் காமிக்ஸ் கம்பெனியில உங்க மேஜைக்கு வந்துச்சு. அங்க தலைமை எடிட்டரா இருந்த ஜிம் ஷூட்டர் மொத்தக் கதைக்கு ஒரு அடிப்படை போட்டுட்டார், இன்னொரு எடிட்டர் டென்னி ஓ'நீல் நல்லவங்க தலைவனுக்கு ஆப்டிமஸ் பிரைம்னு பேர் வச்சார், ஆனா மத்த பேரும் குணமும் ஹாஸ்ப்ரோவுக்குப் பிடிக்கல, வேற யாரும் எடுக்கத் தயாரா இல்ல. 1983 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் லீவு நேரம், கிட்டத்தட்ட ரெண்டு டஜன் பாத்திரங்களுக்கு பேரும் வாழ்க்கைக் குறிப்பும் அந்த வீக்எண்டுக்குள்ள வேணும்னு கேட்டாங்க, நீங்க எழுதிக் கொடுத்தீங்க. மெகாட்ரான்னு நீங்க வச்ச பேரைப் பார்த்து ஹாஸ்ப்ரோ பயந்தாங்களாம், அணுகுண்டு ஞாபகம் வருதே, பசங்களுக்கு ரொம்ப பயங்கரமா இருக்குமேன்னு. அவன்தான் மெயின் வில்லன், பயங்கரமாத்தான் இருக்கணும்னு நீங்க சொன்னீங்க. இதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்னு கணக்கே இல்ல.

இப்ப என் கதைக்கு வரேன். எனக்குக் கிடைச்சது தண்டர்கிராக்கர். ஸ்டார்ஸ்கிரீம்தான் வேணும்னு கேட்டேன், அதை எங்க பெரியப்பா பையன் எடுத்துக்கிட்டான், எனக்கு நீல ஜெட்டு வந்துச்சு. ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூணும் ஒரே அச்சு, கலர் மட்டும்தான் வேற. அப்ப அது புரியற வயசு இல்ல, ஆனா ஏதோ ரெண்டாம் நம்பர் சாமானைக் கொடுத்துட்டாங்கன்னு அழுதேன். அட்டைக்குப் பின்னாடி சிவப்பா ஒரு கட்டம் இருக்கும், வெறும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, கூடவே வர்ற சிவப்பு ஃபிலிமை மேல வச்சாதான் பலம் எவ்ளோ, புத்தி எவ்ளோ, தைரியம் எவ்ளோன்னு பத்துக்கு மார்க் தெரியும். அதைப் பார்த்துட்டு பக்கத்துல இருந்த நாலு வரியைப் படிச்சேன், இங்கிலீஷ் பாதிதான் புரிஞ்சுது, அக்காகிட்ட கேட்டேன். அவ படிச்சுட்டு சொன்னா, "பறக்கத் தெரியாதவங்களை இவனுக்குப் பிடிக்காதாம், ஆனா இவன் கட்சி சண்டை போடுற காரணம் சரிதானான்னு இவனுக்கு முழுசா நம்பிக்கை இல்லையாம், மத்தவங்கதான் பேசிப் பேசி இவனை சண்டைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

சார், அந்த ஒரு வரி! எனக்கு அப்ப எட்டு வயசு. கெட்டவன்னா கெட்டவன்தான்னு நினைச்சுக்கிட்டிருந்த வயசு. கெட்டவங்க கூட்டத்துக்குள்ளயே ஒருத்தன் ராத்திரி படுத்துக்கிட்டு நாம செய்யறது சரியான்னு யோசிப்பான்னு எனக்கு யாரும் அதுவரைக்கும் சொன்னதில்ல. அன்னைலேர்ந்து நான் விளையாடுற எல்லா விளையாட்டுலயும் தண்டர்கிராக்கர் கடைசி நேரத்துல திரும்பிடுவான், பெரியப்பா பையன் "அது தப்பு, அவன் டிசெப்டிகான், கெட்டவங்க கட்சி"ன்னு கத்துவான், நான் அட்டையைக் கொண்டு வந்து காட்டுவேன். இப்ப நினைச்சா அதுதான் எங்களோட முதல் கேனன் சண்டை.

பொம்மை விக்கறதுக்கு இந்த வரி தேவையே இல்ல. இவன் வேகமா பறப்பான், குண்டு போடுவான்னு எழுதியிருந்தாலும் வித்திருக்கும். ஆனா நீங்க என்ன எழுதினீங்கன்னு பாருங்க. கியர்ஸ்னு ஒரு சின்ன வண்டி, எதைப் பார்த்தாலும் குறை சொல்லிக்கிட்டே இருப்பான், ஏன்னா தன்னை சமாதானப்படுத்த வர்றவங்க அந்த சாக்குல தாங்களும் கொஞ்சம் சந்தோஷமாவாங்கன்னு. மிராஜ் பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி, அவனுக்கு போர்ல இஷ்டமே இல்ல, பழைய நண்பர்களோட வேட்டைக்குப் போன நாளை நினைச்சு ஏங்குறவன், அவனை முழுசா நம்பவும் முடியாது. புளூஸ்ட்ரீக் ஓயாம பேசுவான், சுத்தி இருக்கறவங்களுக்கு அது ஒரு ஆறுதல், ஆனா போரை வெறுக்கறவன், டிசெப்டிகான்ஸ் தன்னோட ஊரை அழிச்சது அவனை விட்டுப் போகவே இல்ல. அந்தக் குறிப்பை வச்சுக்கிட்டு அவன் பேச்சைத் திரும்பக் கேட்டுப் பாருங்க, அமைதியா இருந்தா அந்த ஞாபகம் வந்துடும்னுதான் பேசறானோன்னு தோணும். அப்படி நீங்க எழுதல, நானா நிரப்பிக்கிட்டது. ஆனா நிரப்பிக்கிற அளவுக்கு இடம் விட்டு எழுதினது நீங்க.

எங்க ஆளுங்க சண்டைக்கு வரேன். எது நிஜமான ஆரம்பம்ங்கறதுல எனக்கு இப்பல்லாம் பெரிய கோபம் இல்ல. மார்வெல் முதல் இதழ்ல இயற்கையா கிடந்த பற்சக்கரமும் நெம்புகோலும் மெல்ல மெல்ல பரிணாமம் அடைஞ்சு உயிராச்சுன்னு இருக்கு, அப்புறம் சைமன் ஃபர்மேன்ங்கற பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் வந்து ப்ரைமஸ்னு ஒரு கடவுளைக் கொண்டு வந்தார், டிவி தொடர்ல 1986ல குவின்டசன்ஸ் இவங்களை ஃபேக்டரியில செஞ்சாங்கன்னு சொன்னாங்க. மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. நிறைய பேர் மூணையும் ஒட்ட வச்சே தீருவேன்னு வருஷக்கணக்கா டைம்லைன் போடுறாங்க, அந்த உழைப்பு மேல எனக்கு மரியாதை உண்டு. எனக்குப் பிடிச்சது மூணாவதுதான், ஏன்னா அதுல நல்லவங்க கட்சியான ஆட்டோபாட்ஸோட முன்னோர்கள் யாருன்னா விக்கறதுக்குன்னு செஞ்ச வீட்டு உபயோகப் பொருள், டிசெப்டிகான்ஸ் ராணுவத்துக்குச் செஞ்சது. விக்கறதுக்குச் செஞ்ச பொருள் ஒருநாள் நாங்க பொருள் இல்லன்னு எந்திரிச்சு நின்ன கதை. பொம்மை விக்கற கதைன்னு சொன்ன என் ஃப்ரெண்டுக்கு அன்னைக்கு இதை சொல்லியிருக்கணும்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு கோபம் இருக்கு, அதை உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது. ஆப்டிமஸ் பிரைம். 1986 படத்துல அவர் செத்தது எல்லாருக்கும் தெரியும், பழைய பொம்மை வரிசையை எடுத்துட்டு புதுசைக் கொண்டு வரணும்னு கொன்னாங்க, தியேட்டர்ல பசங்க அழுதாங்க, அடுத்த வருஷமே திரும்பக் கொண்டு வந்தாங்க. ஆனா நீங்க உங்க காமிக்ஸ்ல வேற மாதிரி கொன்னீங்க. 24வது இதழ். மெகாட்ரானும் அவரும் ஒரு கம்ப்யூட்டர் கேம்ல மோதணும், தோத்தவர் நிஜமா சாகணும்னு பந்தயம். ஆப்டிமஸ் ஜெயிச்சுடுறார். ஆனா ஜெயிக்கறதுக்குள்ள கேம்ல இருந்த அப்பாவி ஜீவன்கள் செத்துடுது. அதனால இது ஏமாத்தி ஜெயிச்ச மாதிரி, தோத்தது நான்தான், என்னை வெடிக்க வைங்கன்னு கேக்கறார். கேமை உருவாக்கின ஈத்தன் சாக்கரிங்கற பையன் பட்டனை அழுத்துறான்.

இந்தக் கதையை எங்க கூட்டத்துல இன்னைக்கும் சிரிப்புக்கு எடுப்பாங்க. வீடியோ கேம் பொம்மைக்காக ஒரு தலைவன் சாவானா, போர் நடுவுல படையை அநாதையா விட்டுட்டுப் போவானான்னு. நானும் இருபது வயசுல சிரிச்சிருக்கேன். இப்ப சிரிக்க வரல. ஏன்னா 2011ல வந்த சினிமாவுல அதே பேர் வச்ச ஒருத்தர், கீழ விழுந்து கெஞ்சுற தன்னோட பழைய குரு சென்டினல் பிரைமை சுட்டுட்டு நடந்து போறார், தியேட்டர்ல கைதட்டல். எனக்கு அன்னைக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆச்சு. சுதந்திரம் உணர்வுள்ள எல்லா உயிருக்கும் உரிமைன்னு அட்டையில நீங்க எழுதின ஆள் இவர் இல்லன்னு தோணுச்சு. உணர்வுள்ள எல்லா உயிரும்னு ஒருத்தன் நிஜமா நம்பினா, ஸ்கிரீனுக்குள்ள ஓடுற சின்ன உருவத்துக்கு உணர்வு இருக்கா இல்லையான்னு அவனுக்கு சந்தேகம் வந்தாகணும். சந்தேகம் வந்தா அது சாவறதை ஜெயிப்புன்னு சொல்ல அவனால முடியாது. அதுவும் சொல்றது யாரு, மனுஷங்க பார்வைக்கு அவரே ஒரு மெஷின்தானே! நீங்க அவசரத்துல எழுதினீங்களா, யோசிச்சு எழுதினீங்களா, எனக்கு அது முக்கியம் இல்ல. அப்புறம் ஃப்ளாப்பியில சேவ் பண்ணி வச்ச மனசா அவர் திரும்ப வந்தப்ப, தான் நிஜம் இல்ல, ஒரு கேம் கேரக்டர்தான்னு நம்பிக்கிட்டிருக்கார் பாருங்க, அதைப் படிச்சப்ப அந்த 24வது இதழை யாரும் இனிமே என் முன்னாடி கிண்டல் பண்ணக்கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

உங்க எல்லா இதழும் எனக்குப் பிடிக்கும்னு சொன்னா அது மரியாதை ஆகாது. மாசா மாசம் புதுப் பொம்மைங்களைக் கதைக்குள்ள நுழைக்க வேண்டியிருந்துச்சு, கடைசிக் கட்டத்துக்கு வர்றப்ப உங்க கை சோர்ந்துபோனது தெரியுது, 55வது இதழோட நீங்க விட்டுட்டுப் போனது நியாயம்தான். நாலே இதழ்ல முடியும்னு ஆரம்பிச்ச தொடர் 1991ல 80வது இதழ் வரைக்கும் ஓடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. உங்க அட்டையைப் படிச்சு வளர்ந்த பசங்க பெரியவங்களாகி தாங்களே எழுத வந்தாங்க. ஜேம்ஸ் ராபர்ட்ஸ் 2001ல ரசிகனா ஒரு நாவல் எழுதினவர், 2010லேர்ந்து ஐடிடபிள்யூங்கற காமிக்ஸ் கம்பெனியில அஃபிஷியலாவே எழுதினார், குரோம்டோம், ரீவைண்ட்ங்கற ரெண்டு ரோபோக்களோட காதலை அவர் எழுதின விதத்துல நான் புத்தகத்தை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அதே ஐடிடபிள்யூ கதைகள்ல தண்டர்கிராக்கர் டிசெப்டிகான்ஸை விட்டு விலகறான் சார். பூமியில தங்கிடறான், சினிமா ஸ்கிரிப்ட் எழுதறான், பஸ்டர்னு ஒரு நாய் வளர்க்கறான். பயங்கரமான போர் விமானத்தை நாய் வளர்க்க விட்டுட்டாங்களேன்னு எங்க ஆளுங்க சில பேர் இன்னும் கோபமா இருக்காங்க. எனக்கு அதைப் பார்த்ததும் கண்ணு கலங்கிடுச்சு, உடனே பெரியப்பா பையனுக்கு ஃபோன் போட்டேன், "பாத்தியா, திரும்பிட்டான்"னு மட்டும் சொன்னேன், யாரைச் சொல்றேன்னு அவன் கேக்கவே இல்ல.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒரே அச்சுல வார்த்த மூணு ஜெட்டு உங்க மேஜை மேல இருந்துச்சு. ஒருத்தனுக்கு தலைவன் ஆகற வெறியைக் கொடுத்தீங்க, ஒருத்தனுக்கு மத்தவங்களை வம்புக்கு இழுக்கற குறும்பைக் கொடுத்தீங்க. மிச்சம் இருந்தது அந்த நீல ஜெட்டு. அவனுக்கு சந்தேகத்தைக் கொடுக்கலாம்னு உங்களுக்கு எப்ப தோணுச்சு சார், அந்த வீக்எண்டுல எந்த நாள் அது?

அன்புடன்,
நீல ஜெட்டை இன்னும் வச்சிருக்கற ஒரு வாசகன்