ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள்: ஒரு டீச்சரின் நன்றி மடல்

அன்புள்ள நம் ஊர் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், தாத்தா பாட்டிகளுக்கும், பள்ளியில் என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கும், எல்லோருக்கும் மேலாக என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் வணக்கம்.

2021 நவம்பர் 1 ஆம் தேதி, கொரோனாவுக்குப் பிறகு தொடக்க வகுப்புகளைத் திறந்தார்கள். அன்றைக்குத்தான் இந்தப் பதினொரு பேரும் முதன்முதலாக வகுப்புக்குள் வந்தார்கள். பால்வாடிக்குப் போக வேண்டிய வயதில் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகள். செருப்பை எங்கே கழற்றுவது, தண்ணீர் எங்கே குடிப்பது, ஒன்னுக்கு வந்தால் யாரிடம் சொல்வது, எதுவும் தெரியாது. ஒருவன் வாசல்படியிலேயே உட்கார்ந்து மதியம் வரை அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்றே நாளில் தீபாவளி வந்தது. அப்புறம் நம் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கே உரிய மழை விடுமுறை. பிள்ளைகள் பழகுவதற்குள் பூட்டுவதும் திறப்பதுமாக அந்த நவம்பர் போய்விட்டது.

அதே பிள்ளைகள் இப்போது ஐந்தாம் வகுப்பை முடிக்கிறார்கள். போன வாரம் ஒரு காலையில் ஒன்றிய அலுவலகத்துக்குக் கடிதம் கொடுக்கப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு மேல் திரும்பினேன். பக்கத்து அறையில் தலைமையாசிரியை சின்ன வகுப்புகளோடு இருந்தார். என் அறையில் பெரியவர்கள் யாருமில்லை. வருகைப் பலகையில் எல்லோரும் தங்கள் பெயருக்கு நேரே குறித்திருந்தார்கள். வானிலை அட்டவணையில் சூரியன் வரைந்திருந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து ஐந்தாம் வகுப்புப் பெண்கள் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் மெதுவாகச் சொன்னான், "டீச்சர், வாட்டர் பெல் அடிச்சாச்சு. எல்லாரும் குடிச்சிட்டோம்."

நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இது என் ஒருத்தியின் திறமை என்று யாராவது சொன்னால் அது பொய். யார் யார் கை இதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தலைமையாசிரியை அம்மாவுக்கு. அந்த முதல் மாதம் நான் ஒரு சார்ட்டில் 14 விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எல்லாமே 'கூடாது' என்று முடியும். அவர் வந்து பார்த்துவிட்டு, "படிக்கவே தெரியாத பிள்ளைங்களுக்கு எழுதி ஒட்டினா, இது யாருக்கும்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மறுநாள் அந்தச் சார்ட்டை எடுத்துவிட்டேன். அவர் சொன்ன யோசனைதான், வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கம். முதல் வாரம் முழுக்கச் செருப்பு மட்டும். கழற்று, வரிசையில் வை, மறுபடி போட்டுக்கொள், மறுபடி கழற்று. விளையாட்டு போல ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அடுத்த வாரம், மூன்று முறை கைதட்டினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பது. 'பாடம் எப்போது நடத்துவாய்' என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த ஆண்டு பொங்கலுக்குள் நான் குரல் உயர்த்தாமலே வகுப்பு நடக்க ஆரம்பித்தது. பாடமும் வேகமாகத்தான் போனது.

இன்னொன்றுக்கும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நம்முடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை நானும், நான்கும் ஐந்தும் அவருமாகப் பார்ப்பதுதான் வழக்கம். 2024 ஜூனில், "நீயே இவங்களோட மேலே போ, சின்னதுங்கள நான் பாத்துக்கறேன்" என்றார். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, விரலில் பொம்மை மாட்டிக்கொண்டு, சின்ன வகுப்புகளுக்கு அரசு நடத்தும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்கிறார். அவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டதால்தான் ஐந்து வருடப் பழக்கம் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தது.

எனக்கு முன்பு இந்த அறையில் இருந்து ஓய்வுபெற்ற சாருக்கும் நன்றி. சுவரின் அடியில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஓடும் கரும்பலகை அவர் காலத்துச் செயல்வழிக் கற்றல் வகுப்பின் மிச்சம், அதாவது பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் முறை. 2007 இல் அந்த முறை மாநிலம் முழுக்க வந்தபோது போட்டது. படங்களைத் தொங்கவிடும் கம்பிகளும் அப்படித்தான். முறைகள் மாறின, பலகையை மட்டும் பெயர்க்க விடாமல் அவர் காத்து வைத்திருந்தார். தாங்களே வருகையைக் குறிப்பது, வானிலையை வரைவது எல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம்தான். அவர் போனில் சொல்லச் சொல்ல நான் திரும்பத் தொடங்கினேன்.

மூன்றாம் வகுப்பில் அந்தத் தாழ்வான பலகையில்தான் பிள்ளைகள் தங்கள் விதிகளைத் தாங்களே எழுதினார்கள். "விழுந்தா சிரிக்காம தூக்கி விடணும்." "பென்சில கேட்டு எடு, திருப்பிக் குடு." "ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் காத்திரு." கடைசியாக, எப்போதும் மூலையில் உட்காரும் ஒரு பெண் எழுந்து போய் எழுதினாள், "டீச்சர் கத்தக் கூடாது." வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. நான் அழிக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை கத்தியிருக்கிறேன். இரண்டு முறையும் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அதை எழுதிய உனக்குத் தனியாக ஒரு நன்றி, கண்ணு. அந்த ஒரு வரி எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்கவில்லை.

அடுத்து, தச்சு வேலை பார்க்கும் அப்பாவுக்கு. பையனைச் சேர்க்க வந்த அன்று, "கண்ண மட்டும் விட்டுட்டு மத்தத உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொன்னவர். நம் ஊரில் பாசத்தில் சொல்கிற வார்த்தைதான் அது, எனக்குத் தெரியும். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17 ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது என்று சொன்னேன். "அப்ப எப்படி டீச்சர் அடங்கும்?" என்று உண்மையாகவே கேட்டார். அப்போது என்னிடம் நல்ல பதில் இல்லை.

இரண்டாம் வகுப்பில் ஒரு நாள், ஒரு பெண் குழந்தை கேட்கப் பயந்து பாவாடையிலேயே போய்விட்டாள். நான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் கேட்டால் திட்டு விழும் என்று நினைத்திருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு புது ஏற்பாடு செய்தோம். கதவுப் பக்கம் ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகலாம், யாரையும் கேட்க வேண்டாம். வந்து ஆணியில் மாட்ட வேண்டும், கை கழுவியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டையைச் செய்து, ஓரம் குத்தாமல் இழைத்து, கயிறு கோத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் அதே அப்பாதான். காசு வாங்கவில்லை. முதல் வாரம் கட்டை ஆணியில் நிற்கவே இல்லை, ஆளாளுக்கு ஊர்வலம். இரண்டாம் வாரம் பாதியானது. அப்புறம் தேவைப்படுகிறவர்கள் மட்டும் எடுத்தார்கள். ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இப்போது அந்த ஆணியில் தொங்குகிறது.

கல்யாணப் பத்திரிகை கொடுத்த எல்லோருக்கும் நன்றி. எங்கள் பொறுப்புப் பலகையில் தொங்கும் பெயர் அட்டைகள் எல்லாம் உங்கள் வீட்டுப் பத்திரிகைகளின் பின்பக்கம்தான். மணி அடிப்பவர், செருப்பு வரிசை பார்ப்பவர், மின்விசிறி விளக்கு அணைப்பவர், நூலகப் புத்தகம் கொடுத்து வாங்குபவர், செடிக்குத் தண்ணீர் விடுபவர், சாக்பீஸ் டப்பா, பெருக்குபவர்கள் இருவர். திங்கள்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் அட்டைகள் ஒரு இடம் நகரும். எல்லோருக்கும் எல்லா வேலையும் வரும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரே வேலை ஒருவரிடமே தங்காது.

இதில் சிக்கல் வந்தது விளக்குமாற்றில். பையன்கள் பெருக்கும் முறை வந்தபோது ஒரு தாத்தா கோபமாக வந்தார். நான் அவரை உட்காரச் சொல்லி, பலகையைக் காட்டி, இந்த வாரம் அவர் பேரன், போன வாரம் யார், அடுத்த வாரம் யார் என்று ஒவ்வொரு பெயராக வாசித்தேன். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து வேலை கொடுப்பதும், பெண் பிள்ளை என்றால் கையில் விளக்குமாற்றைத் திணிப்பதும் பள்ளிக்கூடங்களில் நடந்திருக்கிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன், இந்த அறையில் அது நடக்காது என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போனார். மறு வாரம் தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு சீவி, சின்னக் கைக்குத் தகுந்த மாதிரி இரண்டு விளக்குமாறு கட்டிக் கொண்டுவந்து வைத்தார். தாத்தா, நீங்கள் அன்றைக்குத் திரும்பி வந்தது எனக்குப் பெரிய பலம்.

கழிப்பறை மட்டும் பிள்ளைகள் பொறுப்பில் ஒருபோதும் வராது. அதைச் சுத்தமாக வைத்திருக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு எங்கள் எல்லோருடைய நன்றியும். அவருடைய சம்பளம் தாமதமான மாதங்களில் கூட்டத்தில் எழுந்து கேட்ட பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்களுக்கும்.

எங்கள் வகுப்பில் லீடர் கிடையாது. பலர் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்த பள்ளியில் நான்தான் லீடர். சார் வெளியே போனால் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது என் வேலை. ஒரு நாள் என் பக்கத்தில் உட்காரும் தோழியின் பெயரை எழுதினேன். அவள் உள்ளங்கையில் அடி விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் என்னோடு பள்ளிக்கு நடந்து வரவில்லை. நான்காம் வகுப்பில் ஒரு பையன், "நான் பேர் எழுதட்டா டீச்சர்?" என்று கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவன் சொன்னான், "வேணாம்டா, வீட்டுக்குப் போற வழியில சண்டை வரும்." இப்போது சத்தம் கூடினால் அந்த வாரத்துக்குப் பொறுப்பானவர் போய்த் தோளைத் தொடுவார். பெயர் எங்கேயும் எழுதப்படாது.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காக்களே, 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் மாவட்டத்துத் திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் விடியலிலேயே போகும் அம்மாக்களின் பிள்ளைகள் அதுவரை வெறும் வயிற்றோடு வந்து பத்தரைக்குச் சுருண்டு படுப்பார்கள். நான் அதை ஒழுங்கின்மை என்று நினைத்த நாட்கள் உண்டு. நீங்கள் கிச்சடியும் பொங்கலும் போட ஆரம்பித்த பிறகுதான் அது பசி என்று புரிந்தது. சத்துணவுச் சமையலர் பெரியம்மாவுக்கும் சொல்ல வேண்டும். தட்டு கழுவி வரிசையில் வைக்காதவர்களுக்கு முட்டை கடைசியில்தான் என்று பொய்யாக மிரட்டி, முதலில் அவர்களுக்கே வைப்பார்.

தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு தினமும் பத்து மணிக்கு ஓடி வந்த பெண்ணை நான் சில நாள் வாசலில் நிற்கவைத்தேன். அது தவறு. விஷயம் தெரிந்ததும், பாப்பாவைக் கொஞ்சம் முன்னதாகவே வாங்கிக்கொள்ளச் சம்மதித்த அங்கன்வாடி டீச்சருக்கு நன்றி. மறுநாளிலிருந்து அவள்தான் முதல் மணிக்கு முன்பே வந்து நிற்கிறாள்.

என் பதினொரு பிள்ளைகளே, உங்களுக்கு என்ன சொல்ல? ஜூனில் ஆறாம் வகுப்பு, பெரிய பள்ளி, பஸ்ஸில் போக வேண்டும். அங்கே மரக்கட்டை இருக்காது. கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள். நான்காம் வகுப்புக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த மதியங்களுக்காகவும், நான் ஜுரத்தோடு வந்த நாளில் யாரும் சொல்லாமலே மூன்று கைதட்டலை இரண்டு கைதட்டலாகக் குறைத்துக்கொண்டதற்காகவும் நன்றி.

அப்புறம், ஒரு வேண்டுகோள். சித்திரை, வைகாசி முகூர்த்தப் பத்திரிகைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு ஒன்பது பேர் வருகிறார்கள். பெயர் அட்டை வெட்ட வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்