மலேரியா மாத்திரை 14 நாளும் உள்ள போகணும்: சென்னை கட்டட கான்ட்ராக்டர்கள், சைட் இன்ஜினியர்கள், மேஸ்திரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேஸ்திரி அண்ணே.

வட சென்னையில ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை எடுத்துக் கொடுக்கற பார்மசிஸ்ட் நான். உங்க சைட் பசங்க காய்ச்சல்னு வந்து, விரல்ல குத்தி ரத்தம் கொடுத்து, பாசிட்டிவ்னு சீட்டு வாங்கிட்டு கடைசியா வந்து நிக்கறது என் ஜன்னல் முன்னாடி தான். இத மேலதிகாரிங்களுக்கு எழுதாம உங்களுக்கு ஏன் எழுதறேன்னா, எங்க கையில அந்த பையன் இருக்கறது மொத்தமே பத்து நிமிஷம், உங்க கையில தினமும் காலைல அட்டெண்டன்ஸ்ல இருந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கான்.

நம்ம சென்னையில வர்ற மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. அதுக்கு ரெண்டு மாத்திரை. ஒண்ணு குளோரோகுயின், பெரியவங்களுக்கு முதல் நாள் 4, ரெண்டாம் நாள் 4, மூணாம் நாள் 2, அதோட முடிஞ்சது. இன்னொண்ணு பிரைமாகுயின், 7.5 மில்லிகிராம் மாத்திரைன்னா தினம் 2 வீதம் 14 நாள், மொத்தம் 28. ரெண்டும் ஒரே நாள்ல தான் ஆரம்பிக்கும். பிரச்சனை எங்கன்னா குளோரோகுயின் ரத்தத்துல இருக்கற கிருமிய அடிச்ச உடனே ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் நின்னுடும், நடுக்கம் போயிடும், பையனுக்கு பசி எடுக்கும், நாலாம் நாள் அவன் சாரத்து மேல ஏறிடுவான், மீதி 11 நாள் மாத்திரை கொட்டாயில பைக்குள்ள கிடக்கும்.

அந்த 11 நாள் மாத்திரை எதுக்குன்னு யாரும் அவனுக்கு புரியற மாதிரி சொல்றதில்ல. வைவாக்ஸ் கிருமி ரத்தத்துல மட்டும் இல்ல சார், ஒரு பங்கு ஈரல்ல போய் சத்தமில்லாம படுத்துக்கும். அதுக்கு குளோரோகுயின் ஒண்ணுமே பண்ணாது. பிரைமாகுயின் தான் ஈரல்ல இருக்கறத கொல்லும், அதுவும் முழு அளவு உள்ள போனா தான். இல்லன்னா சில வாரம் கழிச்சோ, சில மாசம் கழிச்சோ, கொசு கடிக்காமலே அதே ஆளுக்கு அதே காய்ச்சல் திரும்ப வரும். அப்போ அவன் உங்க சைட்ல இருக்கணும்னு இல்ல, ஒரகடத்துலயோ சிறுசேரியிலயோ வேற மேஸ்திரி கீழ இருப்பான், அங்க அது புது கேஸ்னு பதிவாகும். காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடியே கூட வைவாக்ஸ் கிருமி கொசுவுக்கு தொத்தற நிலைக்கு வந்துடும், அதனால அவன் கூட அந்த தகர கொட்டாயில படுக்கறவங்களுக்கும் ரிஸ்க் தான். லிஃப்ட் குழியில தேங்கின தண்ணி, கியூரிங்குக்கு கட்டி வச்ச தண்ணி, மூடாத சம்ப், டிரம் இதுல எல்லாம் வளர்றது தான் நம்ம ஊரு மலேரியா கொசு, அனாபிலஸ் ஸ்டீபன்சைன்னு பேரு, சாக்கடை தண்ணியவிட நல்ல தண்ணி தான் அதுக்கு பிடிக்கும். ஆளும் உங்க சைட்ல, கொசுவும் உங்க சைட்ல.

பசங்க ஏன் நிறுத்தறாங்கன்னு கேட்டா "படிக்காதவன் சார், சொன்னா கேக்க மாட்டான்"னு ஒரு பதில் ரெடியா இருக்கு, எனக்கு அது ஒத்துக்க முடியல. மாத்திரைய வெறும் வயித்துல போட்டா வயிறு புரட்டும், காலைல டீயும் பன்னும் சாப்ட்டுட்டு வேலைக்கு ஓடறவனுக்கு எப்போ சாப்பாட்டுக்கு அப்புறம்? சனிக்கிழமை சம்பளம் வரும், அன்னைக்கு சரக்கு, மாத்திரையும் சரக்கும் சேர்ந்தா ஆபத்துன்னு யாரோ சொல்லியிருப்பாங்க, சரக்க விடாம மாத்திரைய விட்டுடுவான், ஞாயிறும் போச்சு, திங்கக்கிழமை அதுவே பழகிடும். பக்கத்துல படுத்திருக்கறவனுக்கு காய்ச்சல்னா தன்னோடதுல பாதிய எடுத்துக் கொடுத்துடுவான், அது கெட்ட மனசு இல்ல, நல்ல மனசு தான், ஆனா ரெண்டு பேருக்கும் வேலைக்கு ஆகாது. அடுத்த தடவ காய்ச்சல் வந்தா இருக்கட்டும்னு மிச்சம் பிடிச்சு வைக்கறவங்களும் உண்டு. எங்க பக்கமும் தப்பு இருக்கு, ஒடியா பேசற பையன்கிட்ட தமிழ்ல "சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு ரெண்டு"ன்னு சொல்லி கவர நீட்டினா அவன் தலைய ஆட்டிட்டு போகாம வேற என்ன செய்வான்.

இதெல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, அது உங்கள பத்தினது, கோச்சுக்காதீங்க. சீட்டுல நம்பர் கேட்டா பையன் மேஸ்திரி நம்பர தான் கொடுப்பான். ஃபாலோ அப்புக்கு போன் பண்ணா எடுக்க மாட்டீங்க, எடுத்தாலும் "அவன் ஊருக்கு போயிட்டான்". ஏன்னு தெரியும். சைட்ல மலேரியான்னு வெளிய தெரிஞ்சா கொசு செக்கிங் வரும், புழு இருந்தா ஃபைன் போடுவாங்க, அதனால பாசிட்டிவ் ஆன பையன ராத்திரியோட ராத்திரியா வேற சைட்டுக்கு மாத்தறது, இல்ல கையில நாலு காச கொடுத்து ரயில் ஏத்தறது. இப்படி பண்ற எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்லல, டெட்லைன் கழுத்த நெரிக்கும்போது மனுஷன் அப்படி தான் யோசிப்பான். ஆனா நீங்க ஏத்தி விட்ட ரயில்ல கிருமியும் டிக்கெட் இல்லாம போகுது.

ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்துல இருந்து புதுசா வந்து இறங்கற பசங்களுக்கு இன்னொரு வகையும் இருக்கலாம், ஃபால்சிபாரம். அது உயிருக்கே ஆபத்தானது, மூளைய தாக்கும், லேட் ஆனா ஆள் போயிடுவான். அதுக்கு ஆர்ட்டிசுனேட் கலந்த அட்டை, 3 நாள், ரெண்டாம் நாள் பிரைமாகுயின் ஒரே ஒரு டோஸ். மூணு நாள் தானேன்னு அலட்சியம் வேணாம், முதல் நாள் மாத்திரையிலயே காய்ச்சல் இறங்கி மீதிய விட்டா கிருமி முழுசா சாகாது, திரும்ப கிளம்பும். அரைகுறை மருந்துல தப்பிக்கற கிருமி தான் நாளைக்கு மருந்துக்கே அடங்காம போறதுக்கு வழி, கம்போடியா, தாய்லாந்து பார்டர்ல அப்படி தான் முதல்ல குளோரோகுயினுக்கும் பின்னாடி ஆர்ட்டிமிசினினுக்கும் (மேல சொன்ன ஆர்ட்டிசுனேட் அந்த வகை மருந்து தான்) அடங்காத ஃபால்சிபாரம் கிளம்புச்சு.

"இப்ப எல்லாம் மெட்ராஸ்ல எங்க சார் மலேரியா"ன்னு சில பேர் கேப்பீங்க. உண்மை தான், முன்ன மாதிரி இல்ல, ரொம்ப குறைஞ்சிருக்கு. பக்கத்துல இலங்கைய பாருங்க, 1963ல நாடு முழுக்க 17 கேஸ் தான், அவ்வளவு தான் முடிஞ்சதுன்னு கைய உதறிட்டாங்க, 1969ல ஒரே வருஷத்துல அஞ்சு லட்சத்த தாண்டி போச்சு. அப்புறம் பல வருஷம் பாடுபட்டு, ஒவ்வொரு நோயாளியா தேடிப் பிடிச்சு, 2016ல தான் மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்துகிட்ட சர்டிஃபிகேட் வாங்கினாங்க. நம்ம நாடு 2030ன்னு இலக்கு வச்சிருக்கு. கேஸ் குறையக் குறைய மிஞ்சி இருக்கற ஒவ்வொரு ஆளும் முக்கியம், அந்த மிஞ்சின ஆளுங்கள்ல நிறைய பேர் உங்க கொட்டாயில தான் இருக்காங்க.

14 நாள் ரொம்ப நீளம் தான், நானும் ஒத்துக்கறேன். 7 நாள்ல முடிக்கற முறைய உலக சுகாதார நிறுவனமே 2022ல சொல்லிடுச்சு, ஒரே டோஸ்ல முடியற டஃபெனோகுயின்னு ஒண்ணு 2018ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. அதுக்கெல்லாம் ஜி6பிடின்னு, ரத்த சிவப்பணுவ காக்கற ஒரு என்சைம் போதுமான அளவு இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட் பார்த்து தான் கொடுக்கணும். உங்க பையன் கவர்ல 14 நாளுக்கு கொடுத்திருந்தா 14 நாள் தான் கணக்கு.

சரி, நீங்க என்ன பண்ணணும்? பெருசா ஒண்ணும் இல்ல. பாசிட்டிவ் ஆன பையனோட மாத்திரை கவர் அவன் பைக்குள்ள இருக்க வேணாம், அட்டெண்டன்ஸ் போடறவர்கிட்ட இருக்கட்டும். காலைல டிபன் முடிஞ்ச உடனே ரெண்டு பிரைமாகுயின் மாத்திரை (முதல் மூணு நாள் அதோட குளோரோகுயினும்), ஒரு டம்ளர் தண்ணி, கண்ணு முன்னாடி முழுங்கட்டும், அட்டெண்டன்ஸ் நோட்டுல அவன் பேருக்கு நேரா ஒரு டிக். ஞாயித்துக்கிழமையும் தான், அன்னைக்கு கொட்டாய் வாட்ச்மேன் பார்த்துக்கலாம். அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டான்னா எங்களுக்கு போன் போட்டு கேளுங்க. முதல் மூணு நாள் அவன வேலைக்கு கூப்பிடாதீங்க, முடிஞ்சா அந்த மூணு நாள் கூலிய கொடுங்க. கூலி போயிடும்னு பயந்து தான் பாதி பேர் டெஸ்டுக்கே வராம தெருமுனை மெடிக்கல்ல நாலு மாத்திரை செட் வாங்கி போட்டுட்டு வேலைக்கு வந்துடறாங்க. கோர்ஸ் நடுவுல சைட் மாத்தறீங்கன்னா மாத்துங்க, ஆனா கவரையும் எத்தனாவது நாள்னும் அந்த சைட் மேஸ்திரிகிட்ட சொல்லி அனுப்புங்க, எங்களுக்கும் புது இடத்த சொல்லுங்க.

இன்னும் ரெண்டு விஷயம், இது கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். ஜி6பிடி குறைபாடு இருக்கறவங்களுக்கு பிரைமாகுயின் ரத்தத்த சிதைக்கும், அதனால ஒண்ணுக்கு டிகாக்ஷன் கலர்ல போகுதுன்னு பையன் சொன்னாலோ, கண்ணு மஞ்சளாச்சுன்னாலோ, மாத்திரைய அங்கயே நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வாங்க. அப்புறம் ஒருத்தர் கவர்ல இருந்து இன்னொருத்தருக்கு எடுத்துக் கொடுக்கவே கூடாது, குறிப்பா சித்தாள் வேலைக்கு வர்ற பொண்ணுங்க கர்ப்பமா இருந்தா பிரைமாகுயின் தொடவே கூடாது, கைக்குழந்தைக்கும் கிடையாது. யாருக்கு காய்ச்சல்னாலும் தனியா வந்து ரத்தம் கொடுக்கட்டும், டெஸ்டும் மாத்திரையும் ஃப்ரீ தான், ஆதார் இல்லன்னாலும் அனுப்புங்க, நாங்க பேசிக்கறோம்.

டிக் போடற அட்டை ஒண்ணு நானே கையால எழுதி வச்சிருக்கேன், 14 கட்டம், மேல ஹிந்தியிலயும் ஒடியாவுலயும் "சாப்பிட்ட பிறகு"ன்னு போட்டிருக்கு, ஒடியா எங்க வார்டுலயே வேல செய்யற ஒரு பெயின்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவ பையன தனியா அனுப்பாம மேஸ்திரியோ சூப்பர்வைசரோ யாராவது ஒருத்தர் கூட வாங்க, அட்டையையும் கவரையும் உங்க கையிலயே கொடுத்துடறேன்.

இப்படிக்கு,
கவுன்டர்ல இருக்கற பார்மசிஸ்ட்