அத்தாச்சியோடு பார்த்த படம்

மன்னார்குடி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகின்றன. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால், 'கொட்டுக்காளி'யைப் பற்றி நீ எழுதியிருந்த நான்கு வரிகளில் மனம் சிக்கிக்கொண்டது. இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் கதையை முடிக்காமலே எழுந்து போய்விட்டார்களே என்று கோபப்பட்டிருந்தாய். உன் கோபத்துக்குப் பதில் சொல்வதற்குமுன் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அதனால்தான் இத்தனை தாமதம்.

முதலில் 'மெய்யழக'னை எடுத்துக்கொள்கிறேன். அதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நம் நீடாமங்கலம் திரையில் வருகிறது என்பதற்காகவே படம் வெளியான மறுநாள், 2024 செப்டம்பர் 28ஆம் தேதி, மாலைக் காட்சிக்குப் போய்விட்டேன். கல்லூரி நாட்களில் அந்த ஊர் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றுவிட, வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நாம் பேசித் தீர்த்த கதைகள் எத்தனை! 1996இல் சொந்தக்காரர்களோடு ஏற்பட்ட சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பத்தின் பிள்ளை, இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக ஓர் இரவு திரும்பி வருகிறான். அரவிந்த் சாமி பேருந்திலிருந்து இறங்கி நிற்கும் அந்த நிற்பிலேயே, சீக்கிரம் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்ற தவிப்பு தெரிகிறது. மண்டபத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு 'அத்தான், அத்தான்' என்று உருகும் மனிதனாகக் கார்த்தி வருகிறார். அந்த மனிதன் யார், அவன் பெயர் என்ன என்பது இவனுக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம்.

மேடையில் தங்கைக்கு நகை போடும் காட்சியில் நீ அழுததாக எழுதியிருந்தாய். நானும் அழுதேன். ஆனால் என்னை அழவைத்தது நகை அல்ல. பரிசைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிப்போக வந்த அண்ணனை அந்தப் பெண் விடாமல் பிடித்து, ஒவ்வொன்றாகப் போட்டுவிடச் சொல்லுகிறாள். காலுக்குக் கொலுசு மாட்ட அவன் குனியும்போது, முகூர்த்த அவசரமெல்லாம் அந்த மேடையில் நின்றுவிடுகிறது. தாய்வீட்டுச் சீர் என்பது எவ்வளவு பவுன் என்ற கணக்காகவே மாறிவிட்ட காலத்தில், அண்ணன் தன் கையால் பூட்டிவிடுவதுதான் சீர் என்று எந்த வசனமும் இல்லாமல் இயக்குநர் பிரேம்குமார் காட்டியிருக்கிறார். அந்தக் காட்சியை இன்னும் சில நொடிகள் குறைத்திருந்தாலும் அது வெறும் சென்டிமென்ட் ஆகியிருக்கும்.

நீளம் அதிகம் என்று பலரும் சொன்னதால், வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். நீ பார்த்தது குறைத்த படம். நான் முதலில் முழுப் படத்தையும், பிறகு தம்பி குடும்பத்தோடு தஞ்சாவூரில் குறைத்ததையும் பார்த்தேன். கதைக்கு எந்தக் குறையும் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் உறவினர் வீட்டுத் திண்ணையில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போய், ஊர்ப் பெருமை, பழைய அரசர்கள், மாடு, கன்று எனச் சுற்றி, விடியற்காலையில் யாரோ ஒருவர் மனத்திலிருப்பதைச் சொல்லும் இடத்தில் வந்து நிற்குமே, அந்தச் சுற்றுவழியைச் சுருக்கிவிட்டால் கடைசியில் வரும் உண்மைக்குக் கனம் குறைகிறது. அத்தான் வீட்டார் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள்தான் தன் குடும்பத்தைத் தலைநிமிர வைத்தது என்று கார்த்தி சொல்லும்போது, கொடுத்தவனுக்கு அந்தச் சைக்கிள் நினைவிலேயே இல்லை. வாங்கியவன் அதைத் தெய்வமாகத் துடைத்து வைத்திருக்கிறான். பெயர்கூடத் தெரியாமல் இவனுடைய அன்பை வாங்கிக்கொண்டிருக்கிறோமே என்ற குற்ற உணர்வில், விடிவதற்குமுன் சொல்லாமல் கிளம்பிப்போகிறானே, அந்த இடம் மூன்று மணி நேரப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. இத்தனை பேச்சு நிறைந்த படத்தில், கேட்காமல் விட்ட ஒரே கேள்விதான் கதையாக இருக்கிறது.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன்.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசை இல்லை என்பதை முதல் முறை பார்த்தபோது பாதிப் படம் வரை நான் கவனிக்கவே இல்லை. ஷேர் ஆட்டோவின் இரைச்சல், அதன் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்கள், காற்று, காலில் கயிறு கட்டிய சேவலின் படபடப்பு ஆகியவையே காதை நிறைத்திருந்தன. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் பாண்டியும் இரு வீட்டாரும் சாமியார் ஒருவரிடம் கூட்டிப்போகிறார்கள், கதை இவ்வளவுதான். மீனாவாக நடித்த அன்னா பென் படம் முழுவதிலும் ஏறத்தாழ வாயைத் திறப்பதே இல்லை. பாண்டிக்கோ தொண்டை கட்டிப்போய்க் குரல் கரகரக்கிறது. பாண்டியாக வரும் சூரி அந்தக் குரலில் அதட்டும்போதெல்லாம், குரல் இருப்பவனுக்கும் அது சரியாக வெளிவரவில்லை என்பது உறைக்கிறது.

இரண்டு இடங்களை மட்டும் உனக்கு நினைவூட்டுகிறேன். வழியில் காளை ஒன்று குறுக்கே நிற்கிறது. மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆண்கள் அத்தனை பேரும் அருகில் போகத் தயங்கி நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வருகிறாள், காளையை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அதைக் காட்டுவதற்கு இயக்குநர் வினோத்ராஜ் எந்த அவசரமும் படவில்லை. நம்மையும் அந்த ஆண்களோடு வெயிலில் நிற்க வைக்கிறார். இன்னோரிடம், எங்கோ ஒலிபெருக்கியில் ஒலிக்கும் ஒரு பாட்டை மீனா தன்னை மறந்து முணுமுணுப்பது. அந்த ஒரு முணுமுணுப்புக்காகப் பாண்டி வெறிபிடித்தவன்போல அவளையும், தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறானே, அந்தக் காட்சியை இரண்டாம் முறையும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. பேசாமல் இருப்பதைப் பேய் என்கிறார்கள். பாடினால் அடிக்கிறார்கள்.

சாமியார் இடத்தில் இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் முகம் கலங்குகிறது. அவன் என்ன செய்தான் என்று சொல்லாமல் படம் முடிந்துவிடுகிறது. 'மனம் திருந்தி அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனான் என்றோ, கேடுகெட்டவன் உள்ளே தள்ளினான் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டாமா' என்பது உன் கேள்வி. திருந்தினான் என்று காட்டியிருந்தால் நீயும் நானும் நிம்மதியாக அடுப்படிக்குப் போயிருப்போம், வசந்தா. பத்து நாட்களாக உன் மனத்தில் அது முள்ளாக உறுத்துகிறது, நீ இவ்வளவு கோபித்து எழுதியிருக்கிறாய் என்பதையே அந்த முடிவு தன் வேலையைச் செய்துவிட்டது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. இந்தப் படம் 2024இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது. விருதுப் படம் என்றாலே நமக்குப் புரியாத படம் என்று நீ ஒரு வரி எழுதியிருந்தாய். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெர்லினில் பார்த்தவர்களைவிட உனக்கும் எனக்கும்தான் இந்தப் படம் நன்றாகப் புரியும். அந்த ஆட்டோவில் வரும் ஒவ்வொரு பெரியம்மாவையும் சித்தியையும் நமக்குத் தெரியும்.

தொடர்களில், நீ சொன்ன பிறகு 'அயலி'யைப் பார்த்தேன். எட்டுப் பகுதிகளையும் மூன்று இரவுகளில் முடித்துவிட்டேன். பெரியவளானதும் பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடும் ஊரில், டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் தான் பெரியவளானதையே மறைக்கும் தமிழ்ச்செல்வியின் துணிச்சலை நீ புகழ்ந்திருந்தாய், சரிதான். என் கண் அவள் அம்மாவாக வரும் அனுமோள் மீதே இருந்தது. மகளின் பொய் தெரிந்ததும் முதலில் பயம், பிறகு கோபம், அதன் பிறகு மகளைவிடத் திறமையாகத் தானே பொய் சொல்லக் கற்றுக்கொள்வது என அந்த அம்மா போகும் தூரம் அதிகம். சில இடங்களில் பிரசங்க வாடை அடிக்கிறது. கடைசிப் பகுதியில் பாத்திரங்கள் பேசாமல் இயக்குநரே பேசுகிறார். இருந்தாலும் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இருந்த எனக்கு, கோடை விடுமுறைக்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் காணாமல்போன பெயர்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

'சுழல்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முதல் பருவத்தில் மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னியிருந்த அழகும், பார்த்திபன், ஸ்ரேயா ரெட்டி இருவரின் நடிப்பும் பிடித்திருந்தன. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு திடுக்கிடும் திருப்பம் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தில், மனிதர்களை ஆழ்ந்து பார்க்க நேரம் இல்லாமல் போய்விடுகிறது. 'எதிர்நீச்ச'லைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்த பிறகு எனக்கு அந்தத் தொடரில் பிடிப்பு விட்டுப்போயிற்று. அவர் அதட்டும்போது எங்கள் தெருவில் நான்கு வீட்டுக் கூடங்களில் ஒரே நேரத்தில் அந்தக் குரல் கேட்கும். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் இருந்தபடியே திட்டுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை 'கொட்டுக்காளி'யை யாரோடு பார்த்தேன் என்று சொல்லாமலே இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். வடக்குத் தெரு அத்தாச்சி வந்திருந்தார். உனக்கு நினைவிருக்கும், எட்டாம் வகுப்பில் நமக்கு எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்தவர். அந்த ஆண்டுதான் அவரையும் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பேய் ஓட்டுவதற்கு என்று வெளியில் சொன்னார்கள். உண்மையான காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வாடகை அம்பாசடர் காரில் ஒன்பது பேர் போனோம். சின்னப் பெண் என்று என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். போய்ச் சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் கொடுத்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக்கொண்டே வந்தார். அந்த வாசனை மட்டும் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இந்தப் படத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. நான் போட்டிருந்தபோது வந்தார், உட்கார்ந்தார். நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார். அடிக்கும் காட்சியில் எழுந்து கொல்லைப்புறம் போனார். துணி எடுத்து மடித்துக்கொண்டு திரும்பி வந்தார். படம் முடிந்ததும், உன்னைப்போல, பிறகு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

"காலையிலேயிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

கவனிக்கவில்லை என்றேன். சற்று நேரம் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு, "நீ எனக்குக் கோலி சோடா வாங்கிக் குடுத்தியே, வழியில வண்டி நின்னப்ப. உன் உண்டியல் காசுன்னு சொன்னே" என்றார்.

எனக்குச் சுத்தமாக நினைவில்லை, வசந்தா. எந்த ஊர், எந்தக் கடை, எதுவுமே நினைவில்லை. அவருக்குக் கடைக்காரர் கட்டியிருந்த துண்டின் நிறம்வரை நினைவிருக்கிறது.

தை மாதம் நீ ஊருக்கு வரும்போது இரண்டு நாட்கள் கூடுதலாக வைத்துக்கொண்டு வா. அத்தாச்சி உன்னைப் பற்றி விசாரித்தார். நீ போட்ட தலையணை உறையில் மயிலின் கழுத்துத் தையல் தவறாக இருந்ததை இன்னும் சொல்கிறார். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
கோமதி