'மிக்ஸ்டு ஏரியா' என்றால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

வட சென்னைச் செய்தி என்றாலே 'பதற்றமான பகுதி' என்று பூசி மெழுகுகிறார்கள். வீட்டுத் தரகர்கள் இன்னும் நாசூக்கு: "ராயபுரமா? மிக்ஸ்டு ஏரியா சார், ஃபேமிலிக்குச் சரிப்படாது." அப்போ அங்கே இருப்பவர்களுக்குக் குடும்பமே இல்லையா? மீனவர் குடியிருப்பு, படகோட்டிகள் எழுப்பிய ராயப்பர் தேவாலயம், பார்சிகள் 1910இல் கட்டிய அக்னிக் கோயில், பள்ளிவாசல்கள் எல்லாம் அக்கம்பக்கமாக இருக்கிற இடம் அது.

சாக்கடை தேங்குகிறது, கன்டெய்னர் லாரித் தொல்லை என்றால் அதை நேராக எழுதுங்கள். மாநகராட்சியாவது பதில் சொல்லும். அப்புறம், உங்கள் வாடகை வீட்டு வரி விளம்பரங்களில் வரும் 'சைவம் மட்டும்' யாரையெல்லாம் வாசலிலேயே நிறுத்துகிறது என்றும் ஒரு நிருபரை அனுப்பி விசாரியுங்களேன்.

— வாசகர், தண்டையார்பேட்டை