ஜான் பனியன் படத்தில் கத்தரி வைக்கும் முன்: சேகரக் (சபை வட்டார) கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வெள்ளை அடிப்பதற்காக, பாதிரியார் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையிலிருந்து கழற்றிய ஜான் பனியன் படம் இப்போது பாடகர் பெஞ்சுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திருப்பிப் பார்த்தேன். முதுகில் பென்சிலால் ‘18க்கு 12’ என்று எழுதியிருந்தது. அந்த அளவில் அலுமினியச் சட்டம் வாங்கியாகிவிட்டதாம். படம் அதைவிடப் பெரிது. அதனால் நாலு பக்கமும் நறுக்கி, லேமினேட் செய்து மாட்டப் போகிறார்களாம். கத்தரியை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சின்ன வயதில் படத்தில் இருப்பவரை ‘மீசை ஐயர்’ என்போம் (பாதிரியாரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம்). கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரர் என்றே பாதிப் பேர் நினைத்திருந்தோம். அவர் கோயிலைக் கட்டியவரும் இல்லை, இந்தியப் பக்கம் வந்தவரும் இல்லை. ஜான் பனியன். 1628-ல் பெட்ஃபோர்டுக்கு அருகே எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்து, அப்பாவைப் போலவே ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கித்தார் என்று 1660-ல் பிடித்து உள்ளே போட்டார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் போனது. சிறைக்குள் நாடா முடைந்து விற்றார். வீட்டில் மூத்த மகளுக்குக் கண் தெரியாது. அவர் எழுதி, நாம் ‘மோட்ச பிரயாணம்’ என்று படிக்கிற புத்தகத்தின் முதல் பாகம் 1678-ல் வந்தது.

‘அவர் நம்ம சபையே இல்லையே’ என்று கமிட்டியில் ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்து அரசுத் திருச்சபை) ஜெபப் புத்தகத்தை வைத்து ஜெபிக்க மாட்டேன் என்று எழுதியே வைத்த மனுஷன். அந்த ஜெபப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் அலமாரிக்கு மேலேயே அவரை மாட்டி வைத்தது யாருடைய குறும்போ தெரியாது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் நெல்லைச் சீமைக்கு அவர் அந்நியர் இல்லை. இங்கே கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனின் கதையை எடுத்துத்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார், 1894-ல் அச்சேறியது. பாத்திரக்காரரின் பேச்சு இங்கிலீஷ் இங்கே கம்பன் வாசனையோடு விருத்தமாகிவிட்டது. ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்று நாம் எழுந்து நின்று பாடுகிறோமே, அதுவும் கிருஷ்ணபிள்ளை எழுதியதுதான்.

சரி, வெட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

இது காலண்டர் படம் இல்லை. பனியன் உயிரோடு இருந்தபோதே, 1684-ல், தாமஸ் சாட்லர் அவரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். மூல ஓவியம் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பிற்காலத்தில் ஒருவர் உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்க, அந்தக் கோடுகளில் மை ஏற்றி, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுத்ததுதான் நம் படம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முகத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்துக்கு அப்பால் தாள் லேசாக உள்வாங்கி ஒரு கோடு ஓடும். அது தகட்டின் விளிம்பு பதிந்த தடம். அதற்குள்ளே கீழ் இடது மூலையில் எறும்பு எழுத்தில் ஓவியர் பெயர், வலது மூலையில் செதுக்கியவர் பெயர். கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. ‘18க்கு 12’ ஆக்கினால் முதலில் போவது இந்தத் தடமும் அந்த இரண்டு பெயர்களும். அப்புறம் நெட்டில் இறக்கி பிரிண்ட் போட்ட படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். தாளைக் கெடுக்காமல் அதைப் பிரித்தெடுப்பது நடக்கிற காரியம் இல்லை.

படம் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லவில்லை. பின்னால் வைத்த மரப்பலகையின் வரி அப்படியே தாளில் பழுப்பாக இறங்கியிருக்கிறது. பனியனின் தோளுக்கு மேல் பலகைக் கணு ஒன்று, சூடு போட்ட மாதிரி. மாற்ற வேண்டியது அந்தப் பலகையைத்தான். அமிலமில்லாத பருத்தி அட்டை வைத்து, தாளின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடங்களில் மெல்லிய தாள் துண்டைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். செலோடேப் ஆகவே ஆகாது. கண்ணாடி படத்தில் படாமல் சின்ன இடைவெளி வேண்டும். பழைய தேக்குச் சட்டம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, அதுவே இருக்கட்டும். மாட்டும்போது மேற்கு ஜன்னலுக்கு எதிரே மட்டும் வேண்டாம். சாயங்கால வெயில் நேரே விழுகிற சுவர் அது.

செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். வாங்கிய அலுமினியச் சட்டத்தில் ஆராதனை நேர அட்டவணையைப் போட்டு வாசலில் மாட்டலாம், இப்போது அது கதவில் பசை தடவித் தொங்குகிறது.

படத்துக்குச் சட்டம் போடுகிறவர் புதன்கிழமை வருவதாகக் கேள்வி. செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் பழைய வேட்டி ஒன்றோடு வெஸ்ட்ரி வாசலில் நிற்பேன். யாராவது சாவியோடு வந்தால் படத்தைச் சுற்றி எடுத்துக்கொள்கிறேன். ரசீது எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்