வீட்டுக்குப் போன் போடாத கல்லூரி எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் கல்லூரி வழிகாட்டி இணைப்பை நானும் என் தம்பியும் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்தோம். போன வருடக் கட்-ஆஃப், பிளேஸ்மென்ட், விடுதிக் கட்டணம், கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் (NAAC) குழுவின் கிரேடு, பஸ் ரூட் வரைக்கும் போட்டிருந்தீர்கள். உபயோகமாகத்தான் இருந்தது. நாங்கள் தேடிய ஒரு விஷயம் மட்டும் அதில் இல்லை. பால்புதுமையரான, அதாவது தன்பாலின ஈர்ப்புள்ள அல்லது திருநரான ஒரு பிள்ளை அந்தக் கல்லூரியில் மூன்று வருடம் நிம்மதியாகப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வர முடியுமா?

என் தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். அவன் கே (gay), ஆண்கள் மேல் ஈர்ப்புள்ளவன். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா அம்மாவிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் அவன் பாடு. அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் காலேஜ் விசாரிக்கிற வேலையை நானே முன்வந்து எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷம்.

இணையத்தில் தேடினால் நல்ல செய்திகள் வரத்தான் செய்கின்றன. சென்னை ஐஐடியில் 'வண்ணம்', மும்பை ஐஐடியில் 'சாத்தி' என்று பால்புதுமையர் மாணவர் குழுக்கள் இருக்கின்றன. ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் 2022-ல் விடுதியின் ஒரு தளத்தையே இந்த மாணவர்களுக்காக ஒதுக்கியது. சென்னை லயோலாவில் 2020-ல் ஒரு திருநங்கை மாணவி மாணவர் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். படிக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஜேஇஇ, கிளாட் மாதிரி நுழைவுத் தேர்வு எதுவும் எழுதாத, பி.காம். படிக்க ஆசைப்படுகிற, வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்துக்கு மேல் அனுப்ப மாட்டார்கள் என்கிற பையனுக்கு இந்தப் பட்டியலால் என்ன பயன்? எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் வானவில் கொடியையோ மாணவர் சங்கத்தையோ நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது: விஷயம் தெரிந்தால் வீட்டுக்குப் போன் போடுவார்களா?

இதைக் கேட்க எனக்குக் காரணம் இருக்கிறது. நான் படித்த பெண்கள் கல்லூரியின் விடுதியில், எனக்கு ஒரு வருடம் மூத்த அக்கா இருவர் எப்போதும் ஒன்றாகவே இருப்பார்கள். ஒரு கட்டிலில் இருவர் உட்காரக்கூடாது என்று விதிமுறைத் தாளிலேயே அச்சடித்திருந்த விடுதி அது. யாரோ போய்ச் சொல்ல, வார்டன் இருவரின் போனையும் வாங்கி வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தார். அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுக்கும் தகவல் போனது. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் ஒரு அக்காவின் அப்பாவும் தாய்மாமாவும் வாடகை வண்டி பிடித்து வந்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டியை இறக்கும்போது தாய்மாமா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அக்கா கடைசி செமஸ்டர் எழுத வரவேயில்லை. ஆவணியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம். இன்னொருவர் பரீட்சை எழுதினார், ஆனால் யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். வார்டன் தன் கடமையைச் செய்ததாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

பையன்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. நான் பார்க்கப் போன கல்லூரிகளின் வெளியே டீக்கடைகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அலுவலகத்தில் தெரியாதது அங்கே தெரிந்துவிடும். ஒரு கடையில் மெலிந்த பையன் ஒருவன் சமோசா வாங்க வந்ததும் பின்னாலிருந்து 'ஒம்போது' என்று குரல். அவனும் பழகிப்போனவன் போலச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனான். இதெல்லாம் சகஜம்தானே என்று அந்தப் பையன்களிடம் சும்மா கேட்டேன். "எச்.ஓ.டி.யே கிளாஸ்ல அப்படித்தான் கூப்புடுவாரு அக்கா" என்றான் ஒருவன், பெருமையாக. அந்தக் கல்லூரியை அங்கேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். உங்கள் இணைப்பில் அது நான்கு நட்சத்திரம்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் ராகிங் தடுப்பு விதிகளை 2016-ல் திருத்தியபோது, பாலினத்தையும் பாலியல் நாட்டத்தையும் காரணமாக்கி ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்று எழுதிவிட்டது. அட்மிஷனின்போது பிள்ளையும் பெற்றோரும் ராகிங் தடுப்பு உறுதிமொழி கொடுக்கிறோமே, அது இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதான். யார் படிக்கிறோம்? புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. 'ஒம்போது' என்று கூப்பிடுவதற்கும் அந்த எண்ணை அழைக்கலாம் என்று நான் போன எந்தக் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரியது சென்னை உயர்நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 உத்தரவு. மதுரையில் பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் போட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவில் கல்லூரிகளுக்கென்றே தனியாகச் சொல்லியிருக்கிறார்: இந்த மாணவர்களைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர்களை நியமிப்பது, ஆண் பெண் என்று பிரிக்காத கழிப்பறை, திருநர் மாணவர்கள் சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றிக்கொள்ள வசதி, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் பெற்றோருக்கு எடுத்துச்சொல்வது. தீர்ப்பு எழுதுவதற்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து, தனக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். உயர்நீதிமன்ற நீதிபதிக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் நம் விடுதி வார்டன்களுக்கு எங்கிருந்து வந்தது?

திருநர் மாணவர்களுக்காவது ஏட்டில் ஏதோ இருக்கிறது. கேரளம் 2018-லேயே கல்லூரிகளில் ஒவ்வொரு படிப்பிலும் அவர்களுக்கு இரண்டு கூடுதல் இடம் கொடுத்தது. நம் அரசும் உயர்கல்வி படிக்கும் திருநரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை ஏற்பதாக 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. கட்டணத்தை அரசு கொடுக்கும், சரி. எந்த விடுதியில் அறை கொடுப்பீர்கள் என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் எங்கேயும் தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. பொதுவாகக் கேட்பது போல ஒரே கேள்விதான்: "பிள்ளைங்க கவுன்சிலர்கிட்ட சொந்த விஷயம் ஏதாவது சொன்னா, அது வீட்டுக்கு வருமா சார்?" பெரும்பாலானோர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துப் பதில் சொன்னார்கள். "கவலையே படாதீங்க மேடம், பையன் லீவு போட்டாக்கூட பேரண்ட்ஸுக்கு மெசேஜ் வந்துரும்" என்றார் ஒருவர். கவுன்சிலர் யார் என்றால் ஆங்கிலத் துறைப் பேராசிரியர்தான், கூடுதல் பொறுப்பாம். பாலினச் சமத்துவத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்ட இடத்தில், நாக் குழுவுக்காகத் தயாரித்த ஆல்பத்தை எடுத்துக் காட்டினார்கள். அத்தனையும் மகளிர் தினக் கோலப்போட்டிப் படங்கள். கோலம் நன்றாகவே போட்டிருந்தார்கள்.

ஒரே ஒரு அரசு உதவிபெறும் கல்லூரியில், ஓய்வுபெற இன்னும் சில வருடமே இருக்கும் ஒரு பேராசிரியை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ளை என்கிட்ட சொன்னது என்னோடயே இருக்கும்மா. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் வீட்டுக்குச் சொல்லுவேன். அதையும் முதல்ல அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." கட்டடம் பழசு. பிளேஸ்மென்ட் சுமார். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பையன்கள் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி அங்கேதான் சேர்ந்திருக்கிறான். அந்த அம்மா ஓய்வு பெற்றுவிட்டால் என்ன செய்வது என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு நல்ல மனுஷியை நம்பித்தான் சேர்த்திருக்கிறோம், கல்லூரியின் எந்த விதியையும் நம்பி அல்ல.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த வருட இணைப்புக்காகக் கல்லூரிகளுக்குக் கேள்விப் படிவம் அனுப்பும்போது இன்னும் மூன்று கேள்விகளைச் சேருங்கள். ஆலோசகர் முழுநேரமா, அவரிடம் மாணவர் சொல்வதைப் பெற்றோருக்குத் தெரிவிப்பீர்களா? திருநர் மாணவருக்கு விடுதியில் எங்கே இடம்? பாலியல் நாட்டத்தை வைத்துக் கேலி செய்தால் யாரிடம் புகார் செய்வது, இதுவரை நடவடிக்கை எடுத்ததுண்டா? பதில் வந்தால் அப்படியே போடுங்கள். பதில் தராத கல்லூரியின் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அச்சிடுங்கள். விளம்பரம் தருகிற கல்லூரியாக இருந்தாலும்.

இப்படிக்கு,
வாசகி, விருதுநகர் மாவட்டம்
(தம்பிக்காக என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)